நியாயமும் வேண்டும், உள்ளதைச் சொல்லவும் வேண்டும்: கமிட்டியில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு

ஊர்க் கமிட்டி, மகளிர் குழு, ரப்பர் உற்பத்தியாளர் சங்கம், பங்குப் பேரவை, நூலக வாசகர் வட்டம் என்று ஏதோ ஒன்றில் இந்த வருடம் உங்களைப் பொறுப்பில் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் போடுவதும் கணக்கு எழுதுவதும் சில மாதங்களில் கைவந்துவிடும். ஆனால் ஒருவருடைய வேலையைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ முடிவு சொல்ல வேண்டிய நாளும் வரும். அவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், இல்லையென்றால் உங்களுக்கு மாமா முறையாக இருப்பார். அவருக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது, கண்ணால் கண்டதை மறைக்கவும் கூடாது. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்தான் மற்றது கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளதைப் பாதி சொன்னால் நியாயமாக நடந்துகொண்ட மாதிரி, முழுக்கச் சொன்னால் ஈரமில்லாதவர் மாதிரி. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முடிவுக்கு வந்துசேரும் வழி முழுக்க நியாயமாக இருக்க வேண்டும். வந்துசேர்ந்த பிறகு, வந்த முடிவைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் செய்கிற வேலைகள். வழியில் செய்யாமல் விட்ட வேலையை முடிவில் தாராளம் காட்டிச் சரிக்கட்டப் பார்க்கும்போதுதான் எல்லாம் குழம்புகிறது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெட்டிய பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகையில் உலர்த்தினால் ஷீட். ஆர்.எஸ்.எஸ். என்று சொல்லும் புகையூட்டிய ஷீட்டில் 1எக்ஸ், 1, 2, 3, 4, 5 என்று ஆறு தரம் உண்டு. தரம் பிரிப்பது முக்கியமாகக் கண்ணால்தான். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். உள்ளே காற்றுக்குமிழ் நிற்கிறதா, பட்டைத் துணுக்கோ மண்ணோ தெரிகிறதா, சரியாகக் காயாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, புகை கூடிக் கருத்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். ஒரு வீட்டின் பல நாள் உழைப்புக்கு அந்தக் கொஞ்ச நேரத்தில் விலை முடிவாகிறது.

சங்கத்தில் தரம் பிரிக்கிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கணவரை இழந்து, கொஞ்சம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஒரு அக்கா ஷீட் கொண்டுவருகிறார். மழைக்காலம். ஷீட் உலர்த்துகிற அவர் வீட்டுப் புகைக்கூட்டின் ஓடு ஒழுகுகிறது. ஷீட்டில் பூஞ்சை நன்றாகவே தெரிகிறது. ஐந்தாம் தரத்தை நான்காக எழுத உங்கள் கை போகும். பாவம், எழுதிவிட்டால் என்ன?

எழுதினால் அந்த ஷீட் நான்காம் தர அடுக்கில் போய்ச் சேரும். வாங்க வருகிறவர் அடுக்கைப் பிரித்துப் பார்ப்பார், பூஞ்சையைக் காண்பார், அடுக்கு முழுவதுக்கும் விலையைக் குறைப்பார். அப்போது அடிபடுவது யார்? அதிகாலையில் எழுந்து, பாலைப் பொறுமையாக வடிகட்டி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்த இன்னொருவர். அக்கா உங்கள் முன்னால் கண்கலங்கி நிற்கிறார். அந்த இன்னொருவரோ தோட்டத்தில் இருக்கிறார். முன்னால் நிற்பவருக்கு நாம் காட்டுகிற தாராளத்துக்குப் பணம் கட்டுவது முன்னால் இல்லாதவர். அவருக்கும் நீங்கள் நியாயம் செய்யக் கடமைப்பட்டவர். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் அவரும் வடிகட்டுவதை விட்டுவிடுவார். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரிலும் இதுதான் நடக்கிறது. தலைமடைக்காரரிடம் முகம் பார்த்து விட்டுக்கொடுத்தால் காய்வது கடைமடை வயல்.

அப்படியானால் அந்த அக்காவுக்கு என்ன நியாயம்? எல்லார் ஷீட்டையும் பார்த்த அதே வெளிச்சத்தில் அவருடையதையும் பார்ப்பது. பூஞ்சை எங்கே இருக்கிறது என்று ஷீட்டை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டுவது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பது. கேட்டால்தானே ஓடு ஒழுகுவது தெரியவரும். தெரிந்த பிறகு சங்கத்தில் பேசி முன்பணம் கொடுக்கலாம், மழை முடியும்வரை இன்னொருவர் புகைக்கூட்டில் இடம் வாங்கித் தரலாம். தரச்சீட்டில் ஐந்து என்றே இருக்கட்டும். இரக்கம் காட்டத்தான் வேண்டும், ஆனால் அதை உதவியாகக் காட்டுங்கள். தரத்தைத் திருத்தி எழுதினால் அடுத்த மழையிலும் ஓடு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

வழியில் செய்ய வேண்டிய முதல் வேலை, சம்பந்தப்பட்டவரிடம் கேட்பது. சின்ன வேலையாகத் தெரியும். பெரும்பாலான தகராறுகளில் விட்டுப்போவதும் இதுதான்.

மகளிர் குழுக் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு உறுப்பினர் மூன்று தவணை கட்டவில்லை. குழுவை நடத்தப் பஞ்ச சூத்திரம் என்று ஐந்து விதி சொல்லிக்கொடுப்பார்கள். முறையாகக் கூடுவது, முறையாகச் சேமிப்பது, உள்கடன் கொடுப்பது, ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவது, கணக்கு எழுதுவது. இவர் நான்காவதை மீறிவிட்டார். வயதில் இளையவரான செயலாளர், “அவங்களுக்கு இனி கடன் கிடையாதுன்னு தீர்மானம் எழுதிரலாமா?” என்று கேட்கிறார். மூலையில் இருக்கிற மூத்த உறுப்பினர் கேட்கிறார்:

“மக்ளே, அவளுக்க வாயால ஒரு வார்த்தை கேட்டியா?”

“ஃபோன் பண்ணினேன் அக்கா, எடுக்கல்ல.”

“எடுக்கல்லன்னா வீட்டுக்குப் போணும். ரெண்டு தெரு தாண்டித்தானே வீடு.”

போய்க் கேட்டால், வீட்டுக்காரர் தூத்தூரிலிருந்து ஆழ்கடல் விசைப்படகில் போனவர், படகு இன்னும் கரைக்கு வரவில்லை, பங்குப் பணமும் வரவில்லை என்று தெரியவரலாம். வாங்கிய கடனை வேறு யாருக்கோ வட்டிக்குக் கொடுத்திருக்கிறார் என்றும் தெரியவரலாம். இரண்டில் எது வந்தாலும் மூன்று தவணை பாக்கி என்பது பாக்கிதான். கேட்டதால் அது அழிந்துவிடாது, அழிக்கவும் கூடாது. முதல் கதை உண்மையானால் படகு வரும் தேதியை ஒட்டிப் புதிய தவணை போடலாம். இரண்டாவது உண்மையானால் தீர்மானம் கடுமையாகவே இருக்கலாம். கேட்காமல் எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான் கிடைத்திருக்கும்.

கேட்பது என்றால் குற்றச்சாட்டு என்னவென்று அவருக்கு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்ல நேரமும் வேண்டும். கூட்டத்தின் நடுவில் எழுப்பிவிட்டு “என்ன சொல்றீங்க?” என்று கேட்டால் அது விசாரணை ஆகாது. பத்துப் பேர் முன்னால் திடீரென்று எழுப்பினால் குற்றமற்றவருக்கும் நாக்குக் குழறும்.

இரண்டாவது வேலை நம்மைப் பற்றியது. எனக்கு இதில் ஏதாவது ஆதாயமோ பகையோ உண்டா? மறுதரப்பைக் கேட்பதும், தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காராமல் இருப்பதும்தான் இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் சொல்கிற கோட்பாட்டின் இரண்டு அடிப்படை விதிகள். 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரைபக் வழக்கு இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் மாநில அதிகாரிகளிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்த ஓர் அதிகாரி தானும் அந்தப் பதவிக்குப் போட்டியில் இருந்தவர். தன் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் தன்னோடு போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது குழுவில் இருந்தார். தேர்வே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் மனத்தில் பாரபட்சம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, இருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று பார்த்தால் போதும் என்றது. இந்த விதி நீதிமன்றங்களுக்கு மட்டுமல்ல, நிர்வாக முடிவுகளுக்கும் பொருந்தும் என்பதை உறுதிப்படுத்திய தீர்ப்பு அது.

நம் ஊர்களுக்கு இந்த வழக்கில் ஒரு பாடம் இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு உங்கள் தங்கை மகனும் விண்ணப்பித்திருக்கிறான் என்றால் அவன் பெயர் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வது போதாது. மற்றப் பிள்ளைகளின் மார்க்கையும் குடும்பநிலையையும் நீங்கள் எடைபோடக் கூடாது. அந்த வருடம் அந்தத் தேர்வு முழுவதிலிருந்தும் எழுந்து போய்விடுவதே சரி. ஊரே சொந்தக்காரர்களாக இருக்கும்போது யார்தான் மிஞ்சுவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் எழுந்து போக முடியாது. அங்கே, “இவர் எனக்கு இன்ன முறை” என்று எல்லாரும் கேட்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட உறவைப் பத்துப் பேர் கவனித்துக்கொள்வார்கள். அப்படியும் ஆள் போதாவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வந்து உட்காரச் சொல்லலாம்.

சொந்தத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாதது ‘நம்ம ஆளு’ என்ற எண்ணம். சாதி, மதம், கட்சி, கடற்கரை, உள்நாடு என்று எங்கள் மாவட்டத்தில் அதற்குக் கிளைகள் நிறைய. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம், அக்கம்பக்கமாக வாழ்ந்த இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் எவ்வளவு வேகமாக இரண்டு பக்கமாக்க முடியும் என்று காட்டியது. ஒருவர் செய்ததை அவர் ஆட்கள் எல்லாரும் செய்ததாக நினைக்கத் தொடங்கினால் யாரையும் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இதற்கு நான் நம்பும் சோதனை ஒன்றுதான். முடிவை எழுதும் முன் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதே காரியத்தை எதிர்ப்பக்கத்து ஆள் செய்திருந்தால் இதே வார்த்தையை எழுதுவேனா? நம் பையன் செய்தால் ‘விளையாட்டு’, அவர்கள் பையன் செய்தால் ‘திட்டமிட்டது’ என்று எழுத வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து விசாரிக்க வேண்டியதுதான்.

பகையும் பிரியமும் இல்லாத இடத்திலும் கண் ஏமாறும். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இல் ஒன்றைக் காட்டினார். படை அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களை உடல்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியாக மதிப்பிட்டார்கள். ஆனால் ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு மற்ற எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண்ணே விழுந்தது, உண்மையில் இருக்க முடியாத அளவுக்கு. மேடையில் நன்றாகப் பேசுகிறவர் கணக்கிலும் சுத்தமாக இருப்பார் என்று ஊரில் நம்புவது இதே வகைதான். கணக்கைத் தனியாகப் பாருங்கள், பேச்சைத் தனியாகப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் முடிவு சொல்லும் கட்டம். இங்கே பலரும் தப்பித்துப் போக வழி தேடுவார்கள். பொறுப்பை வேறு எதன் தலையிலாவது போட்டுவிடுவது ஒரு வழி. சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கம் தவறியதாகச் சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் சொல்வார்கள். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது ஒழிந்தது. அங்கே யாரும் விசாரித்து முடிவு சொல்லவில்லை, நெய்தான் சொன்னது. இன்று நெய் இல்லை, ஆனால் “கோயிலில் வந்து சத்தியம் செய்யட்டும், பார்க்கலாம்” என்று கமிட்டி கைகழுவுவது அதற்குத் தூரம் இல்லை. துணிந்தவர் பொய்ச் சத்தியம் செய்வார், கடவுளுக்குப் பயந்தவர் உண்மைக்குக்கூடச் சத்தியம் செய்யத் தயங்குவார். திருவுளச்சீட்டு போடுவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கும் இடம் உண்டு. எல்லா வகையிலும் சமமான இரண்டு விண்ணப்பங்களுக்கு ஒரே ஒரு தொகை இருந்தால் சீட்டுப் போடலாம். ஒன்று மற்றதைவிடத் தகுதியானது என்று தெரிந்தும் மனத்தாங்கலுக்குப் பயந்து சீட்டுக் குலுக்கினால் தகுதியானவருக்கு அது அநியாயம்.

இன்னொரு தப்பிக்கும் வழி, நடுவில் போய் நிற்பது. இது பார்க்க நியாயம் மாதிரியே இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் நடந்த தோள்சீலைப் போராட்டம் எல்லாருக்கும் தெரிந்தது. நாடார் பெண்கள் மேலாடை போடுவதை 1829இல் திருவிதாங்கூர் அரசாணை தடுத்தது. ஆண்டுக்கணக்கில் அடிதடி, தீவைப்பு, அவமானம். 1859இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார். குப்பாயம் என்ற ரவிக்கை போடலாம், முரட்டுத் துணி உடுத்தலாம், எப்படி வேண்டுமானாலும் மாரை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் உடுத்தக் கூடாது. கேட்டவர்களுக்குக் கொஞ்சம், எதிர்த்தவர்களுக்குக் கொஞ்சம். இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்தப் பார்த்த ஆணை என்று இதைப் படிக்கலாம். மானத்தோடு உடுத்த உரிமை கேட்ட பெண்ணுக்கும், அவள் தனக்குச் சமமாக உடுத்தக் கூடாது என்றவருக்கும் நடுவில் கோடு போட்டால் அந்தக் கோடு எங்கே விழும்? அநியாயத்துக்குள்தான் விழும். பெண்கள் மாரை மூடும் உரிமை அந்த ஆணையால் கிடைத்தது உண்மை, அது பெரிய விஷயம். அது நியாயமான தீர்ப்பு இல்லை என்பதும் உண்மை.

ஆகவே இரண்டு பேர் சண்டையில் “ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு” என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். உண்மையிலேயே இரண்டு பேர் மேலும் தப்பு இருந்தால் யார் மேல் எவ்வளவு என்று சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை. அல்லது ஒருவரைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறீர்கள்.

நடுவில் நிற்கவே கூடாத, கமிட்டி பேசி முடிக்கவே கூடாத விஷயங்களும் உண்டு. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை எல்லாம் சமரசத்துக்கு உரியவை அல்ல. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல் துறைக்குச் சொல்வது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை, சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம். “ஊர் மானம் போய்விடும்” என்று உட்கார்ந்து பேசுகிறவர்கள் அந்தக் குழந்தையைக் கைவிடுகிறார்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

முடிவைச் சொல்லும் முறைக்கு வருவோம். சம்பந்தப்பட்டவர் அதைக் கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து முதல்முறையாகக் கேட்கக் கூடாது. முந்தின நாளே வீட்டுக்குப் போய், “அண்ணாச்சி, நாளைக்குக் கூட்டத்தில் இப்படிச் சொல்லப் போகிறோம், காரணம் இது” என்று சொல்லிவிட வேண்டும். கோபப்படுவார், படட்டும். வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதற்கும் அதுதான் நேரம். கூட்டத்தில் சொல்லும்போது செய்த காரியத்தைச் சொல்லுங்கள், ஆளுக்குப் பட்டம் கட்டாதீர்கள். ‘திருவிழாக் கணக்கில் பந்தல் செலவுக்கு ரசீது இல்லை’ என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய விஷயம். ரசீது கிடைத்தால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். ‘கள்ளக்கணக்குக்காரன்’ என்று சொல்லிவிட்டால் ரசீது கிடைத்தபிறகும் அந்தப் பெயர் அவர் பிள்ளைகள்வரை ஒட்டிக்கொண்டு வரும். அதேபோல, தவறுக்கு ஏற்ற அளவோடு நில்லுங்கள். கணக்கில் பிழை செய்தவரிடமிருந்து கணக்குப் பொறுப்பை வாங்கலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்ல எந்தக் கமிட்டிக்கும் உரிமை இல்லை.

எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். யார் என்ன சொன்னார்கள், எந்த ரசீதைப் பார்த்தோம், யார் உறவைச் சொல்லி விலகினார்கள், எந்தக் காரணத்தால் இந்த முடிவு, எப்போது மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அரைப்பக்கம் ஆகும். எழுதும்போது ஒரு காரணமும் வரவில்லை என்றால் கையெழுத்து வாங்காமல், அந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள்.